நாற்பது வரி, ஒரே தேதி

…பன்னிரண்டாவது வரியில் மழை, பதின்மூன்றில் வெயில், பதினான்கில் மறுபடி மழை, இல்லை இல்லை, பதினான்கில் மூடுபனி, இந்த ஊரில் எப்போது மூடுபனி இறங்கியது, இறங்கினால் மட்டும் அவன் பார்த்திருக்கவா போகிறான், விடிவதற்கு முன்பே யார் வீட்டு அலமாரியையோ தோளில் சாய்த்துக்கொண்டு படியேறுகிறவனுக்கு மழை என்றால் பிடி வழுக்கும், வெயில் என்றால் கண்ணில் வியர்வை இறங்கும், அதோடு பருவம் முடிந்தது. விரலை வரிக்குக் கீழே வைத்து மறுபடி படித்தான். மூ… டு… ப… னி. நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவனின் கண் காகிதத்தில் ஓடாது, நடக்கும், அதுவும் சுமையோடு நடக்கிற மாதிரி நின்று நின்று நடக்கும். இன்னும் அரை மணி நேரத்தில் உள்ளே கூப்பிடுவார்கள், அதற்குள் நாற்பது வரியும் மனப்பாடம் ஆகவேண்டும், வக்கீலம்மா நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள். “விசாரணை அதிகாரி ஏதாவது ஒரு வரியைத் தொட்டுக் கேப்பாருங்க. அன்னைக்கு எந்த ரோடு, மழையா வெயிலா, பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்கன்னு. தடுமாறினீங்கன்னா முடிஞ்சது.” முடிஞ்சது என்றால் என்ன என்பதையும் அவளே பிட்டுப் பிட்டு வைத்தாள். பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் கார் உரிமம் வேண்டுமென்றால் உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் பக்கத்து இருக்கையில் ஐம்பது மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், சட்டம் அது. பதிவேடு உண்மையென்றால் மகளின் உரிமம் செல்லும், அவள் செய்தது விதிமீறல், முதல் வருடத்தில் தன் வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்ற விதியை மீறினாள், உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். பதிவேடு பொய்யென்றால் உரிமமே இல்லை, உரிமம் இல்லாமல் ஓட்டி ஓர் உயிரைக் கொன்றவள், இருபத்தொரு வயதுவரை அடைப்பு இல்லத்தில் கிடக்கவேண்டும், இப்போது பதினேழு, நாலு வருடம். பொய்க் கையெழுத்துப் போட்ட அப்பனுக்குத் தண்டனை வேறு இருந்தது, அதை வக்கீலம்மா விரல் மடக்கிச் சொன்னபோது அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கையெழுத்து… அந்த ருசியை யாரிடம் சொல்வது? பெருவிரலை நீல மையில் அமுக்கி, சுவரில் துடைத்து, முப்பது வருடம் ஓட்டியவன். கம்பெனியில் சாமான் இறக்கியதற்குச் சீட்டு எழுதித் தரவேண்டும் என்று வந்த பிறகுதான் மாலை வகுப்புக்குப் போனான். அந்த டீச்சர், மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த அம்மாள், வகுப்பில் இருந்த பதினோரு பெரியவர்களையும் பார்த்துச் சொன்னாள், யாரு நீட்டினாலும் கையெழுத்துக்குக் கீழே அன்னைக்குத் தேதியப் போடுங்க, தேதி போடலைன்னா உங்களை யார் வேணும்னாலும் ஏமாத்தலாம். ஏமாந்தே பழகியவர்களுக்கு அது பசுமரத்தாணி. அன்றைக்கு மகள் பதிவேட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தபோது நாற்பது வரியும் நிரம்பியிருந்தது, கடைசிக் கட்டம் மட்டும் காலி. “போடுப்பா, நாளைக்குக் கடைசி நாள்.” அவன் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, “படிச்சுப் பார்த்துப் போடுங்க” என்றாள், அவன், “என் பொண்ணு எழுதினதுல நான் என்னத்தப் படிக்க” என்றான், பெருமையாகத்தான் சொன்னான், இடுப்பு விட்டுப்போயிருந்த அலுப்பும் இருந்தது, எது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியுமா? பேனாவைப் பிடித்து நாற்பது தடவை தன் பெயரை எழுதினான். முதல் ஐந்தாறு கோணல், பத்துக்கு மேல் கை சூடாகி வளைவெல்லாம் விழுந்து, முப்பதில் அவனே நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் கீழே, டீச்சர் சொன்னபடி, அன்றைய தேதி. நாற்பது தடவை ஒரே தேதி. மகள் கைப்பேசியில் மூழ்கியிருந்தாள், பார்க்கவில்லை. உரிம அலுவலகத்தில் வாங்கியவனும் பார்க்கவில்லை, நாளொன்றுக்கு இருநூறு பதிவேடு வாங்குகிறவன், புரட்டினான், குத்தினான், அடுத்த ஆள். யாருமே பார்க்காத தேதியை ஒரு சாவு வந்த பிறகு எல்லோரும் பார்த்தார்கள். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “எந்தப் பொய்க்காரனாவது பொய்க்குக் கீழே தேதி போடுவானாய்யா?” பிறகு யோசித்து ஒரு வழி சொன்னாள், தினமும் உட்கார்ந்தேன், கையெழுத்தை மட்டும் கடைசி நாளில் சேர்த்துப் போட்டேன், அப்படிச் சொல்லுங்க, எழுத்து வராத மனுஷன், நம்புவாங்க. எழுத்து வராத மனுஷன்! வந்த எழுத்தை வராத எழுத்தாக்கினால்தான் மகள் வீட்டுக்கு வருவாள்.

பதினைந்து, ஞாயிறு, மதியம் இரண்டிலிருந்து நான்கு, புறவழிச்சாலை, வெயில். பதினாறு, ஞாயிறு. பதினேழு, ஞாயிறு. ஏன் இத்தனை ஞாயிறு போட்டாள் இந்தப் பெண்? மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்கள், பார்த்து எழுதியிருக்கிறாள். சனங்கள் வீடு மாறுவதே ஞாயிற்றுக்கிழமைதான் என்பது இவளுக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் எழுதினாள். சட்டம் போட்டவர்களின் வீட்டில் ஞாயிறு ஞாயிறாகவே இருந்திருக்கும்… ஞாயிறு வேலைக்குக் கம்பெனியில் பதிவு கிடையாது, கூப்பிட்டால் போவது, அதனால் தப்பித்தோம் என்றாள் வக்கீலம்மா. ஆனால் பதிவு இருக்கிறது, எதிர்ப் பெஞ்சில், ஆறடி உயரத்தில், முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நெட்டையன். பதினான்கு வருடமாக இவனோடு ஜோடி சேர்ந்து சாமான் தூக்குகிறவன். படியேறும்போது மேலே ஒருவன் பிடிப்பான், கீழே ஒருவன் தாங்குவான், பாரம் முழுக்கக் கீழே நிற்கிறவன் மார்பில்தான் இறங்கும். முதல் நாளே நெட்டையன் கீழ்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். “மேல போடா குள்ளா, நீ கீழ நின்னா பீரோவுக்கு அடியில உன்னைத் தேடணும்.” பதினான்கு வருடமும் அப்படியே. இந்தப் பதினைந்தாவது வரியின் ஞாயிறு, இரண்டிலிருந்து நான்கு, அவர்கள் ஐந்தாவது மாடிக்கு இரும்புக்கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், லிப்ட் ரிப்பேர், அந்த வீட்டுக்கார அம்மாள் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்ட பிறகுதான் கொடுத்தாள். நெட்டையனுக்கு ஞாபகம் இருக்கும். அவனுக்கு எல்லா ஞாயிறும் ஞாபகம் இருக்கும். இரண்டு மாதமாக இவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, பேசுவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது, காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது அவன் மகள்.

அந்தப் பெண்ணைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இவனைப் பெரியப்பா என்பாள், வீட்டுக்குள் நுழையும்போதே, “பெரியப்பா, இன்னிக்கு யாரோட பீரோவை உடைச்சீங்க?” பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், மாலை நாலு மணி, பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். பஸ்ஸில் போயிருக்கலாம், தினமும் பஸ்ஸில்தான் போவாள். முன்னால் போன கம்பி லாரி சடாரென்று நின்றது. அவ்வளவுதான். ஓட்டிய இவன் மகளின் நெற்றியில் மூன்று தையல். மற்றதைப் பற்றி இவன் நினைக்கமாட்டான், கம்பி எந்தப் பக்கம் நுழைந்தது என்பதை நினைக்கமாட்டான், பெட்டியை மூடியபடியே வைத்திருந்ததை, நெட்டையன் பெட்டியைத் தூக்க வந்து கீழ்ப்பக்கமாகப் போய் நின்றதை, பழக்கதோஷம், மேல்பக்கத்துக்கு இவன் போகலாமா என்று ஒரு நொடி கால் எடுத்ததை, நெட்டையனின் மச்சான் நெஞ்சில் கை வைத்து இவனைத் தள்ளியதை… வேண்டாம், படி, பதினெட்டு. பதினெட்டு, மழை, கடைத்தெரு.

எல்லா வரியிலும் ஒரு கட்டம் இருந்தது, ‘பக்கத்தில் இருந்தவர் கூறிய அறிவுரை’ என்று தலைப்பு. அதை இவன் இன்றைக்குத்தான் படிக்கிறான். மகள் அதையும் நிரப்பியிருந்தாள். ‘திருப்பத்தில் கண்ணாடியை மட்டும் நம்பாதே, தலையைத் திருப்பிப் பார் என்றார்.’ ‘கோபம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இரு என்றார்.’ ‘கிழவர் சாலையைக் கடக்கும்போது ஒலி எழுப்பாதே, அவருக்குப் பதற்றம் வரும் என்றார்.’ யார் இந்த மனுஷன்? நாற்பது வரியில் நாற்பது தடவை வந்து உட்கார்ந்து, ஒருமுறைகூடக் கத்தாமல், தண்ணீர் பாட்டிலை நீட்டி, ‘நேற்றைவிட இன்று நன்றாக ஓட்டினாய் என்றார்’, இருபத்திரண்டாவது வரி, அப்படி ஒரு வார்த்தையை இவன் வாய் எந்தக் காலத்தில் சொன்னது? மகள் ஓர் அப்பனை இட்டுக்கட்டியிருக்கிறாள். பதிவேட்டைப் படிக்கப் படிக்க இவனுக்கு அந்த ஆள்மேல் பொறாமையாக இருந்தது, பிறகு எரிச்சலாக, என்னமாய்ப் பேசுகிறான் பார், உடம்பில் வலி இல்லாத பயல். நாலாவது வரியில் அவன் இப்படிச் சொல்லியிருந்தான், ‘முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவில் இரண்டு கார் நிற்கிற அளவு இடம் விடு, முன்னால் போகிறவன் எப்போது நிற்பான் என்று கடவுளுக்கும் தெரியாது என்றார்.’ இதை எங்கே பிடித்தாள்? எந்தப் புத்தகத்தில்? தெரிந்திருக்கிறது… எழுதத் தெரிந்திருக்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, இதோ இந்த லாரிதான், இப்போது விடு, இன்னும் விடு, என்று சொல்லி, காலைப் பிரேக்கில் வைக்கவைத்திருந்தால்?

காலையில் அவளைப் பார்க்க விட்டார்கள், பத்து நிமிடம், மேசைக்கு அந்தப் பக்கம் அவள், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், யார் வெட்டியது என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. “எல்லாம் படிச்சிட்டியாப்பா?” “படிச்சுக்கிட்டு இருக்கேன்.” “நல்லா எழுதியிருக்கேனா?” அவள் சிரித்த மாதிரி இருந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அப்பா எல்லாம் சரியாச் சொல்லிடுவாரு, நீ வீட்டுக்கு வந்துடுவே” என்றாள். மகள் இவனையே பார்த்தாள். எழுந்து போகும்போது திரும்பி, “உள்ள போய்த் தூங்கிடாதப்பா” என்றாள். காவலுக்கு நின்ற பெண்கூடச் சிரித்துவிட்டாள். அந்தக் காவல்காரிக்கு அது வெறும் பகடி. இவனுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் ஒரு நாள் உண்டு, உண்மையாகவே ஒரு நாள். நாலாவது மாடிக்குப் பியானோ ஏற்றிவிட்டு வந்த சாயங்காலம், வாசலிலேயே சாவியோடு நின்றாள், வாப்பா, ஒரு மணி நேரம், ஒண்ணே ஒண்ணு. சரி என்று ஏறினான். பெல்ட்டை அவளே மாட்டிவிட்டாள். தெருமுனை திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண் விழித்தபோது கார் வீட்டு வாசலில் நிற்கிறது, அவளுடைய ஸ்வெட்டர் சுருட்டி இவன் கழுத்துக்கடியில், அவள் ஸ்டியரிங்கில் கை வைத்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். “முடிஞ்சுதா? எழுப்பக் கூடாதா?” “பள்ளம் இல்லாத தெருவாப் பார்த்துப் பார்த்துச் சுத்தினேன். நல்லாத் தூங்கினே.” அதற்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட்டாள், அடுத்த வாரம், அடுத்த வாரம், அடுத்த வாரம், நாலாவது தடவை கூப்பிடவில்லை, பதிவேட்டைக் கொண்டுவந்தாள். அந்த நாள் இதில் இருக்கவேண்டும்! இவன் உண்மையாகப் பக்கத்தில் உட்கார்ந்த நாள், அந்த வரியைக் கேட்டால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம், ஒரு வரியாவது. முதல் வரியிலிருந்து தேடினான். சாயங்காலம், தெரு, வெயில் தாழ்ந்த நேரம், ஒரு மணி நேரம். மூன்றாவது? அது காலை. ஒன்பது? அது நெடுஞ்சாலை. விரல் வேகமாகப் போனது, இருபது, இருபத்தெட்டு, முப்பத்தொன்று, நாற்பது, எழுத்து கலங்கியது, கீழிருந்து மறுபடி மேலே…

“என்ன தேடறே?”

நெட்டையன்தான். எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறான், இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். இவன் காகிதத்தை மடியில் கவிழ்த்தான், தப்பு செய்து பிடிபட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. நெட்டையனுக்கு எழுத்தும் தெரியாது, கவிழ்த்து என்ன ஆகப்போகிறது?

“என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க, நேத்து. ஞாயித்துக்கிழமையெல்லாம் இவரு எங்க இருந்தாருன்னு.”

நெட்டையன் பெஞ்சில் உட்கார்ந்தான், பெஞ்சு அவன் பக்கம் தாழ்ந்தது.

“ஞாபகம் இல்லைன்னுட்டேன்.”

“நெட்டை…”

“கையெடுத்துக் கும்பிட்டுத் தொலைக்காதே. நான் மறைச்சது உனக்காக இல்லை.” ரொம்ப மெதுவாக, மாடிப்படியில் திருப்பம் சொல்கிறவன் மாதிரி நிதானமாகப் பேசினான். “உன் பொண்ணு நாலு வருஷம் உள்ள இருந்தான்னு வையி, நீ நிம்மதியா அழுவே. ஊர் உனக்கும் பாவம் பார்க்கும். வேணாம். அவ வீட்டுக்கு வரட்டும். தினமும் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடட்டும். நீ பாரு. அவ சிரிக்கிறதைப் பாரு, கல்யாணம் காட்சின்னு நடக்கிறதைப் பாரு. ஒவ்வொரு தடவையும் என் பொண்ணு உன் கண்ணுல வந்து நிக்கணும். அதுக்காகத்தான் சொல்லலை.”

நடைவழியில் யாரோ தேநீர்த் தட்டோடு போனார்கள். இரண்டு பேரும் காலை மடக்கி வழிவிட்டார்கள், ஒரே சமயத்தில், பதினான்கு வருடப் பழக்கம்.

“திங்கக்கிழமை வேலைக்கு வர்றேன்” என்றான் நெட்டையன். “மேஸ்திரி வேற ஆளைப் போடட்டுமான்னு கேட்டாரு. வேணாம், குள்ளனே போதும்னுட்டேன்.” எழுந்தான். “இனிமே கீழ்ப்பக்கம் நீ பிடி.”

கதவு திறந்து இவன் பெயரைச் சொன்னார்கள், பெயர் யாருடையதோ மாதிரி கேட்டது. உள்ளே நீள மேசை, அதிகாரி இவன் மகளுக்கு அண்ணன் வயது, சளி பிடித்திருந்தது, கைக்குட்டையை மடித்து மடித்து வைத்தார். ஓரத்தில் மகள், வக்கீலம்மாவுக்குப் பக்கத்தில், நெற்றியில் தையல் தழும்பு இன்னும் சிவப்பு. அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். எதைத் தொடுவார், மூடுபனியைத் தொடு, தம்பி, மூடுபனி எனக்கு நன்றாகத் தெரியும்… “நாலாவது வரி” என்றார். “அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க.” இவன் வாயைத் திறந்தான். வந்தது! தடையில்லாமல் வந்தது, காலை ஏழு மணி, ஆலை ரோடு, லேசான தூறல், பொண்ணு கொஞ்சம் ஒட்டி ஓட்டினா, அப்ப நான் சொன்னேங்க, முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் நடுவுல ரெண்டு கார் நிக்கிற அளவு இடம் விடும்மா, முன்னாடி போறவன் எப்ப நிப்பான்னு கடவுளுக்கும் தெரியாது. சொல்லும்போதே கண்ணாடியில் துடைப்பான் ஆடுவது தெரிந்தது, அவள் கை ஸ்டியரிங்கில் தெரிந்தது, இவன் வலியில்லாத உடம்போடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நடந்த எதையும் இவ்வளவு நன்றாக இவன் ஞாபகம் வைத்திருந்ததில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே போனார். “தெளிவாச் சொல்லியிருக்கீங்க. எல்லா அப்பாவும் இப்படிச் சொல்லிக் கொடுத்தா எங்களுக்கு வேலையே இருக்காது.” பேனாவை வைத்தார். “அப்போ உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும்தான் இடம் விடலை. இல்லீங்களா?” இதை யாரும் சொல்லித் தரவில்லையே, வக்கீலம்மா இந்தக் கேள்வியைச் சொல்லவில்லையே, இல்லை என்றால் இவன் சொல்லிக் கொடுக்கவே இல்லை என்று ஆகும், ஆமாம் என்றால்… “ஆமாங்க” என்றது வாய். மகள் இவனைப் பார்த்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள், தூங்குகிறவள் மாதிரி.

“உரிமம் செல்லும்னுதான் எழுதப் போறேன். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.” வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம், இவன் படிக்கவில்லை, யார் எழுதியதிலும் இவன் இனி என்னத்தைப் படிக்க. பெயரை எழுதினான், வளைவெல்லாம் அழகாக விழுந்தது, கை தானாகவே கீழே இறங்கியது, தேதிக்கு. அங்கேதான் நின்றது. இல்லை, அவள் ஓட்ட இவன் பக்கத்தில் தூங்கிய அந்த நாள் நாற்பது வரியில் எங்கேயும் இல்லை. இரண்டு தடவை தேடினானே, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. முப்பத்தொன்பது பொய்க்கு நடுவில் அந்த ஒரு உண்மையைச் சேர்த்துக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லையா, ஐம்பது மணி நேரத்துக்கு என்னென்னவோ எழுதியவள், பனி எழுதியவள், அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் ஏன்… தூங்குகிறவர் பக்கத்தில் இருந்ததாக ஆகாது என்று விட்டுவிட்டாளா? இல்லை, இவர்கள் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டாளா? “இன்னிக்குத் தேதி தெரியலையா?” என்று அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், தன் பின்னால் இருந்த காலண்டரைக் காட்டினார். இன்றைய தேதி தெரியும். பியானோ ஏற்றிய அந்தச் சாயங்காலம் என்ன தேதி?